வேரில் தொங்கும் கடலை

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடியில் ரசம் போன மூலையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அப்படிப்பட்டவளுக்கு அக்கா புருஷனைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தான் இருபது வருஷம் குளியலறைக் குழாய் விற்றவர். ஒரு நாள் குழாயை எல்லாம் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, அதே கடையில் மஞ்சள் விளக்கு மாட்டிப் பழம்பொருள் ரசிகராகிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் பயிர்ச்செடி ஓவிய அட்டைகள். கத்தரி, பருத்தி, மக்காச்சோளம், எள். வேர், பூ, காய், வெட்டிய விதை, எல்லாம் மெல்லிய கோட்டில். ஒவ்வொன்றும் நூறு வருஷப் பழசு என்று அவர் சத்தியம் செய்யாத குறை.

நூறு வருஷமாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் கடைக்குப் பின்னறையில் அவள் வரைந்தவை. தடித்த தாளில் வரைந்து, டீ டிகாஷனில் நனைத்து, உலர்த்தி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பின்பக்கம் மங்கலாக ஒரு தபால் முத்திரை குத்தினால் போன வாரத்து அட்டை போன நூற்றாண்டுக்குப் போய்விடும். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினொரு வருஷம் செடி வரைந்த கை அது. அவள் படத்துக்குக் கீழே இயக்குநர் தன் பெயரைப் போட்டுக்கொண்டதால், வேலையை அவர் மேஜை மேலேயே வீசிவிட்டு வந்தவள். வந்து சேர்ந்த இடம் இது.

தான் ஒரு பித்தலாட்டக்காரி இல்லை என்று தனக்கே நிரூபிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு அட்டையிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு. ஐந்து இதழ் இருக்க வேண்டிய கத்தரிப்பூவுக்கு நாலு. நேர்கோடாக ஓட வேண்டிய மக்காச்சோள இலை நரம்பை வலை மாதிரிப் பின்னிவிட்டாள். செடியை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்தவன்கூடப் பிடித்துவிடுவான். யாராவது ஒருத்தர் பிடித்துவிட்டால் அன்றைக்கே தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, தன் பெயரைப் போட்டுத் தனியாக வரையக் கிளம்பிவிடுவது என்று சபதம்.

மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு ஈ காக்கை பிடிக்கவில்லை.

போன மாதம் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். அந்த மக்காச்சோளத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ஆளுங்க கண்ணே கண்ணு" என்று உருகினார். பின்னறைத் திரைக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. இவர்களுக்கு வரைய நான் யார், இவர்கள் வாங்க யார் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை ஒரு பெண் வந்தாள். கையில் சந்தைப் பை, காலில் தேய்ந்த செருப்பு. நிலக்கடலை அட்டையை எடுத்தாள், புருவத்தைச் சுருக்கினாள்.

"இது தப்புங்க. கடலை வேர்ல காய்க்காது. பூ உதிர்ந்ததும் அதுக்கடியிலேருந்து ஊசி மாதிரி ஒண்ணு கீழ எறங்கி மண்ணுக்குள்ள போகும். அது நுனியிலதான் காய். நாங்க பயிர் வெச்சிருந்தோம்."

திரைக்குப் பின்னால் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாகக் காத்திருந்த வாய்! ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. சாயக்கறை படிந்த மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கவே தொடங்கிவிட்டாள்.

அத்தான் துளிகூடப் பதறவில்லை.

"அட, கண்டுபிடிச்சிட்டீங்களே! அந்தக் காலத்துல செடியைப் பார்க்காமலே கேள்விப்பட்டு வரைஞ்சதும்மா. பின்னாடி தப்பு தெரிஞ்சு அப்படி வரையறதையே நிறுத்திட்டாங்க. அதான் இது கிடைக்கிறதே அபூர்வம்."

"அப்படியா?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டா குடுங்க."

அவள் போனதும் பூதக்கண்ணாடி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் அத்தான்?"

"முதல் அட்டையிலேருந்து. உங்கக்கா மாடித் தொட்டியில கத்தரி வெச்சிருக்கால்ல? தெனமும் தண்ணி ஊத்துறது யாருன்னு நெனச்ச? நாலு இதழ்ப் பூவை நான் பார்த்ததே இல்லையே." அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். "சரி, பொண்ணு தெரிஞ்சேதான் பண்றா, கெட்டிக்காரின்னு விட்டுட்டேன். தப்பே இல்லாத அட்டையைப் பழசுன்னு எவன் நம்புவான்? அந்தப் பேராசிரியருக்கும் வாசல் வரைக்கும் போய் வலை நரம்பைக் காட்டினேன். மனுஷன் திரும்பி வந்து இன்னும் மூணு வாங்கிட்டுப் போனாரு."

அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. உலகத்தையே ஏமாளி என்று மூன்று வருஷம் கேலி செய்தாளே, அந்தக் கேலியையே இந்த மனிதர் அட்டைக்கு அட்டை விற்றுத் தீர்த்திருக்கிறார். சபதப்படி பார்த்தால் அவள் கத்தரிப்பூ வரைந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும். இன்றைக்காவது கிளம்பலாம். மேலங்கி பாதி அவிழ்ந்துதான் இருந்தது.

"அடுத்தது வெண்டைக்காய்" என்றார் அத்தான். "அதுல என்ன பண்ணப் போற?"

நான் போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பூவுல ஒரு இதழைக் குறைச்சிடலாம் அத்தான்."

அத்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"அதான் கத்தரியிலேயே பண்ணிட்டியேம்மா. வேற ஏதாவது யோசி."