என்ன மாதிரிச் சிவப்பு

என் மனைவி இன்னொருவனோடு எண்களில் பேசினாள். வேறு எதில் பேசியிருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன். "பச்ச நூத்தி எம்பதா, நூத்தி எழுபதா சேர்?" என்று போனில் கேட்டுவிட்டுச் சிரிப்பவளை என்னவென்று பிடிப்பது?

மஸ்கெலியாவில் லைட் செட் கடை வைத்திருப்பவன் நான். கல்யாணமோ கோயில் திருவிழாவோ, சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தச் சோலைமலையின் வெளிச்சம்தான் எரியும். பல்பின்மேல் கலர்த் தாளைச் சுற்றினால் சிவப்பு, பச்சை. அவ்வளவுதான் என் வித்தை. இரண்டாயிரத்து எட்டில் அந்த வித்தை செல்லாக்காசாகிவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள், "இந்த வருஷம் வாசல் வளைவுக்கு எல்.ஈ.டி. போடுங்க, ஒவ்வொரு நிறமா மாறணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த விளக்கு ஒன்றுதான், ஆனால் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் எவ்வளவு எரிய வேண்டும் என்று, பூச்சியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஓர் எண்ணைக் கணினியில் எழுதிச் சிப்பில் ஏற்ற வேண்டும். மூன்று எண்கள் சேர்ந்தால் ஒரு நிறம். சிவப்பையும் பச்சையையும் சேர்த்து எரித்தால் மஞ்சள் வருமாம். பெயின்ட்டில் கலந்து பாருங்கள், சேறுதான் வரும். இந்தக் கணக்கு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ரோகினிக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து டவுன் ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவள் அவள். அங்கே படிப்பித்த, இவள் 'சேர்' என்று கூப்பிடும் குகநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர்தான் வளைவுக்கான புரோகிராமை எழுதினார். கடையில் ஒரு பழைய கணினியும் ஒரு விளக்கும் இருந்தன. அவர் ஹட்டனிலிருந்து எண்களைச் சொல்வார். இவள் ஏற்றி எரித்துப் பார்த்து, நிறம் எப்படி வந்திருக்கிறது என்று போனில் சொல்வாள். அவள் சொல்லும் விதம்தான் என்னைக் கொன்றது.

"கொழுந்துப் பச்ச இல்லீங்க சேர். பறிக்காம விட்டா எல முத்திப்போயி ஒரு கறுப்பு ஏறுமே, அந்தப் பச்ச" என்பாள். கொஞ்சம் கழித்து, "இப்ப மஞ்ச சரிங்க. மஞ்ச அரச்ச கையக் கழுவுனப்புறம் நகத்துல நிக்குமே, அதேதான்" என்பாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சீவிக்கொண்டிருப்பேன். இவ்வளவு பேச்சை இவள் எங்கே வைத்திருந்தாள்? என்னிடம் பேசுவதெல்லாம் அரிசி முடிஞ்சிருச்சு, கதவச் சாத்துங்க, இவ்வளவுதான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஒரு கலரக் கேக்க இவ்ளோ நேரமா பேசணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சரியா வர வேணாமா?" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புரோகிராமைக் கடைசியாகச் சரிபார்க்க அந்த மனிதர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நெட்டையாக, கண்ணாடி போட்டு, என்னைவிட இளமையாகத்தான் இருந்தார். ரோகினி காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தாள். திருவிழா வருகிறது, குளித்தால் என்ன என்று என் வாய்தான் எனக்குச் சொன்னது, வயிறு கேட்கவில்லை.

அவர் வருவதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். விளக்குக்குப் போகும் வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. அதில் சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய இரண்டையும் மாற்றி முறுக்கிவிட்டேன். சிவப்பு எழுதினால் பச்சை எரியட்டும். பெரிய வாத்தியார் அவள் முன்னால் திருதிருவென்று முழிக்கட்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ரோகினி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போயிருந்தாள். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து, சிவப்புக்கு இருநூற்று ஐம்பத்தைந்து, மற்ற இரண்டுக்கும் பூச்சியம் என்று அடித்து ஏற்றினார். விளக்கு பளீரென்று பச்சையாக எரிந்தது.

அவர் அதை உற்றுப் பார்த்தார். "சரி. சிவப்பு வடிவா எரியுது" என்றார்.

என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். வயரை மாற்றியது தெரிந்துதான் நக்கல் அடிக்கிறான்.

"செவப்புங்களா சேர்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"ஓம், சிவப்புத்தானே..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். திரும்பி உள்வாசலைப் பார்த்தார். அவர் தேடியது ரோகினியை.

அவள் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஒரே பார்வை. "பச்ச எரியுதுங்க சேர். வயரு மாறியிருக்கு" என்றாள். குரலில் ஒரு ஆச்சரியமும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். கடையில் வயர் முறுக்குகிறவன் நான் ஒருவன்தான். தட்டை வைத்துவிட்டு, வயர்களைப் பிரித்து அவளே மாற்றினாள்.

"எனக்குப் பிறவியிலயே சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, அண்ணை" என்றார் குகநேசன். "எண்ணுக் கணக்கு எல்லாம் தெரியும். என்ன நிறம் வந்ததெண்டு ரோகினி சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வகுப்பில ரோகினியைத் தவிர ஒருத்தருக்கும் நான் சொல்லேல்ல."

அவரிடம் இவள் பாடம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் இவளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாவம் என்று தோன்றியது உண்மை. சந்தேகம் போனதும் உண்மை. வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை, கூடத்தான் செய்தது.

விளக்கு இப்போது சிவப்பாக எரிந்தது. "என்ன மாதிரிச் சிவப்பு?" என்று கேட்டார் அவர்.

ரோகினி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். அவசரப்படவே இல்லை. "அடுப்புல வெறகு வெந்து தணலாகி, சாம்பல் பூக்கப்போகும்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னால. கை வச்சா சுடாதுன்னு நெனச்சுக் கிட்ட போவோம், ஆனா சுடும். அந்தச் செவப்புங்க."

அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "விளங்குது" என்றார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். ரோகினி மேசையில் கிடந்த வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு இன்னும் அணைக்கப்படாமல் எரிந்தது. வயர் மாறிய கதையை அவள் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் அவள் எதிரில் போய் நின்றேன்.

"ரோகினி, இது என்ன கலருன்னு சொல்லு" என்றேன்.

அவள் விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"செவப்பு" என்றாள். "ஏங்க, ஒங்களுக்குத் தெரியலயா?"

"தெரியுது" என்றேன்.