படுத்துப் பார்க்கிற உயரம்

"ஆணியோட பிடுங்கிடாத," என்றான் அண்ணன். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் தங்கை. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அப்பாவின் படத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரிலிருந்து விடுவித்தாள். ஒன்பது வருடமாக, குளிர்காய நெருப்பெரிக்கும் கணப்புக்கு மேலே தொங்கிய படம். அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் புகை படிந்த சுவர். படத்தில் அப்பாவின் சட்டைக் காலர் வரைக்கும் வெக்கையில் பழுப்பேறியிருந்தது. முகம் மட்டும் தப்பித்திருந்தது. அந்த முகத்தில் எப்போதுமே எதுவும் ஒட்டியதில்லை.

கணப்புக்கு எதிரே, சக்கரம் வைத்த கட்டிலில் மல்லாந்து கிடந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகெலும்பில் வந்த நோய். உட்கார முடியாது, ஒருக்களிக்க முடியாது. வீட்டிலேயே சூடான அறை இது ஒன்றுதான் என்பதால் ஐந்து மாதமாகக் கட்டில் இங்கேதான். தலையணையை எப்படி வைத்தாலும் அவள் கண்ணில் படுவது இரண்டே இரண்டு. ஒன்று கூரை, இன்னொன்று அப்பா.

"அஞ்சு மாசமா மொறச்சுக்கிட்டே இருந்தாரு," என்றாள் அம்மா. "நானும் எத்தன நாளைக்குத்தான் பதிலுக்கு மொறைக்கிறது."

அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னிக்கே செய்யணுமா இத? நர்ஸம்மா காலைல சொல்லிட்டுப் போனது உனக்கும் தெரியும்ல?"

எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று அவளே கேட்டு வாங்கிய பதில் அது. இன்று, இல்லாவிட்டால் நாளை. கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "நாலு மணி தாண்டுமா?"

நாலு மணிக்கு ஆட்டம்.

அம்மாவுக்கென்று ஒரு கால்பந்து அணி உண்டு. பட்டியலில் கடைசியாக வருவதையே தொழிலாக வைத்திருக்கும் அணி. அதன் கோல்கீப்பர் வழுக்கை விழுந்த, ஆள் பார்க்க வட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கிற ஒருவன். 'நம்ம வழுக்கை' என்பாள். அணி தோற்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வழுக்கை எத்தனை பந்து பிடித்தான் என்பதுதான் கணக்கு. டி.வி.யை மேசைமேல் வைத்தால் போர்வைக்குள் இருக்கும் தன் கால் கட்டைவிரல்கள்தான் அவளுக்குத் தெரிந்தன. போன வாரம் அண்ணன் கைபேசியை முகத்துக்கு மேலே பிடித்துக் காட்டினான். "பந்தா பூச்சியான்னே தெரியல," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மகளுக்கு டி.வி. மாட்டுவதுதான் வேலை. பதினோரு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் கணப்புக்கு மேலே மாட்டித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அழகாக இருக்குமாம். "உங்க கழுத்தும் போயிடும், டி.வி.யும் போயிடும். உக்காந்தா கண்ணுக்கு நேரா இருக்கணும். கணப்பு மேலதான் வேணும்னா வேற ஆளப் பாருங்க," என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஊரில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். மூன்று நாளைக்கு முன் அம்மா கூரையைப் பார்த்தபடி, "படுத்திருக்கிறவளுக்கு எது நேரு?" என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

மறுநாளே சுவரில் ஒரு வெப்பமானியை ஒட்டி, இரண்டு மணி நேரம் கணப்பை எரியவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறு டிகிரி. நாற்பதைத் தாண்டினால் டி.வி. தாங்காது. நெருப்பை அணைக்கலாம் என்றால் அம்மா குளிரில் நடுங்குவாள். தடித்த பலகை ஒன்றை அறுத்து, கணப்பின் வாய்க்கு மேலே, ஒன்றரைச் சாண் வெளியே நீட்டி தட்டுபோல் அடித்தாள். ஏறிவரும் வெக்கை பலகையில் முட்டி வெளியே திரும்ப வேண்டும். மறுபடி எரித்துப் பார்த்தாள். முப்பத்திமூன்று.

"சரி, எறக்கியாச்சு. அப்பாவ எங்க வைக்கிறதா உத்தேசம்?" என்றான் அண்ணன்.

"சமையக்கட்டு வாசல்ல மாட்டு," என்றாள் அம்மா. "நான் நின்ன எடத்துல."

அண்ணன் திரும்பி அந்த வாசலைப் பார்த்தான்.

அப்பா இருந்தவரை டி.வி. இதே கணப்புச் சுவரோரமாக, அவருடைய நாற்காலிக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருந்தது, யாரும் போடவில்லை. அம்மா சமையலறை வாசலில், நிலையில் தோளைச் சாய்த்து, கையில் கரண்டியோ துடைக்கிற துணியோ வைத்துக்கொண்டு நின்று பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் கூரைவரை நிற்கும் பெரிய அலமாரி மறித்து, திரையின் இடது பாதி தெரியாது. கோல்கீப்பர் வலது பக்கம் நிற்கும்வரை அவளுக்கு ஆட்டம் உண்டு. பக்கம் மாறியதும் அவன் காணாமல் போய்விடுவான். அப்புறம் கூட்டத்தின் சத்தத்தை வைத்து, "புடிச்சானா?" என்று கேட்பாள். சில நாள் அப்பா பதில் சொல்வார். அப்பா போன பிறகு நாற்காலி அண்ணனுக்கு வந்தது. வாசல் அம்மாவிடமே இருந்தது. வந்து உட்காரம்மா என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மகளுக்கும்தான். ஊரெல்லாம் போய் நாற்காலி உயரத்தை அளந்தவளுக்குத் தன் வீட்டு வாசல் கண்ணில் படவில்லை.

"அம்மா, அவரு உன் புருஷன்," என்றான் அண்ணன்.

"தெரியுதுடா. அதனாலதான் வீட்ட விட்டு அனுப்பாம வாசல்லயே நிறுத்துறேன். அங்கேர்ந்து பாக்கட்டும். பாதி தெரியும்."

"நாளைக்கு நாலு பேர் வந்தா என்ன சொல்லுவாங்க? சாகக் கெடக்கிற..." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இந்த நேரத்துல சுவத்தக் குடையிறதா?"

"அந்த நாலு பேரப் பத்தி நாப்பது வருஷமா கேள்விப்படுறேன்," என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது, நிறுத்தி, எடுத்து, முடித்தாள். "ஒருத்தனும் வந்து எனக்கு ஒரு நாற்காலி போடல."

மகள் படத்தை வாசலுக்கு எடுத்துப்போய் நிலைக்கு மேலே மாட்டினாள். ரசமட்டம் வைத்து, கோணல் இல்லாமல்தான் மாட்டினாள். தொழில் தொழில்தான்.

காலையிலேயே நெருப்பை அணைத்ததால் சுவர் ஆறியிருந்தது. அம்மாவுக்கு இரண்டு போர்வை, வயிற்றருகே வெந்நீர்ப் பை, தூசிக்காக மூக்கின்மேல் ஈரத்துணி. மகள் திருப்புளியின் கைப்பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள். நடுவில் பொள்ளென்று சத்தம் வந்தது. அது புகை போகும் வழி. அங்கே துளை விழுந்தால் புகை வீட்டுக்குள் வரும். இரண்டு ஓரத்திலும் சத்தம் கெட்டியாக இருந்தது. பூச்சைச் சுரண்டிச் செங்கலின் விளிம்பைத் தேடினாள். சாந்தில் போட்ட போல்ட் இன்று பிடித்து நாளை கழன்றுவிடும். செங்கலின் வயிற்றில் போட வேண்டும். ஆறு இடத்தில் குறி வைத்தாள்.

துளையிடும் மெஷின் அலறியபோது அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். அம்மா பொத்தவில்லை. ஈரத்துணிக்கு மேலே அவள் கண்கள் பளபளவென்று இருந்தன. வீட்டில் தனக்காக ஒருவர் இவ்வளவு சத்தம் போடுவதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று மகளுக்குப் பட்டது.

போல்ட்டுகளை முறுக்கி, பிராக்கெட்டைப் பொருத்தி, அதில் தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. டி.வி.யைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தான்.

கீழே இறங்கிப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். "சரியா இருக்கு."

"யாருக்கு?" என்றாள் அம்மா. "இங்க வந்து படு."

கட்டிலில் இடம் இல்லை. ஓரத்தில் ஒரு பாதி உடம்பைத் தொற்றவைத்து, அம்மாவின் தலையணையிலேயே தலையை வைத்தாள். தைலமும் மருந்தும் கலந்த வாசனை. அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: திரை முழுக்க ஜன்னல் வெளிச்சம். எழுந்து போய் டி.வி.யின் தலையை முன்னால் சாய்த்தாள். வந்து படுத்தாள். இன்னும் கொஞ்சம். மறுபடி போனாள். மூன்றாவது தடவை படுத்தபோது வெளிச்சம் விலகியிருந்தது. நின்று பார்க்கிறவனுக்கு அண்ணாந்து கழுத்து வலிக்கும். தலையணைக்கு அது அச்சு நேர்.

"இப்ப?"

"ம்," என்றாள் அம்மா. "இப்பத்தான் நேரு."

மூன்றரை மணிக்குக் கணப்பை மறுபடி மூட்டினாள். பலகைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடுதான். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அண்ணன் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பார்க்காதவன்போல் இருந்தான்.

முதல் பாதியில் வழுக்கை வலது பக்கம் நின்றான். இரண்டு கோல் வாங்கினான், ஐந்து பிடித்தான். ஒவ்வொரு பந்துக்கும் அம்மா மகளின் கையை ஒருமுறை அழுத்தினாள், அவ்வளவுதான். இடைவேளையில் ஒரு கரண்டி தண்ணீர் குடித்தாள்.

இரண்டாவது பாதியில் அவன் இடது பக்கம் போனான். போனவன் காணாமல் போகவில்லை. கோலுக்கு முன்னால் குதித்துக்கொண்டு, தன் ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் வந்தா இப்படித்தான் கத்துவானா," என்றாள் அம்மா. "பாரேன் அவன."

ஒரு பந்துக்குக் கை அழுத்தியது. அடுத்ததற்கு விரல் மட்டும் அசைந்தது. அதற்கடுத்ததற்கு மகள் காத்திருந்தாள். பந்து கோல்கம்பத்தில் பட்டுத் தெறித்தது, கூட்டம் கத்தியது, கை அப்படியே இருந்தது. அவள் குனிந்து அம்மாவின் வாயருகே கன்னத்தை வைத்தாள். ஒன்றுமில்லை. அம்மாவின் கண்கள் திறந்திருந்தன, நேராக.

"அண்ணே," என்றாள்.

அவன் வந்தான். நாடியைப் பார்த்தான், நெற்றியில் கை வைத்தான், "அம்மா" என்றான், மறுபடி "அம்மா" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தான். தங்கை அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"ஆட்டம் முடியல."

"பைத்தியமா உனக்கு? அம்மா போயிட்டாங்க."

"தெரியும். கை எங்கிட்டதான் இருக்கு." அவள் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் செருகினாள். "இன்னும் பதினேழு நிமிஷம். பாதியிலேயே அணைக்கிறதுக்கா நான் இத மாட்டுனேன்? நாப்பது வருஷம் பாதிதான் பாத்தாங்க. இது முழுசா முடியும். முடிஞ்சதும் நானே அணைக்கிறேன்."

"நர்ஸம்மாவுக்குச் சொல்லணும்."

"சொல்லு. டி.வி. ஓடுனா உன் போன் பேசாதா?"

"யாராவது வந்து பாத்தா..."

"பாக்கட்டும். நாலு பேர்தான? உக்காந்து பாக்கட்டும்."

அவன் அவளை அடிக்கப்போகிறவன்போல் ஒரு நொடி நின்றான். பிறகு சமையலறைக்குள் போனான். அங்கே அவன் தாழ்ந்த குரலில் போனில் பேசுவது கேட்டது. நேரத்தைச் சொன்னான். வீட்டு முகவரியை இரண்டு தடவை சொன்னான். அதன்பிறகு குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அவள் அம்மாவின் கண்களை மூடவில்லை. கையைப் பிடித்தபடி கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

தண்ணீர் நின்றது. அண்ணன் திரும்பி வந்தான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவன் அதுவரை வரவில்லை. வாசலில், அப்பாவின் படத்துக்குக் கீழே நின்று, நிலையில் தோளைச் சாய்த்தான். அந்த இடத்தில் மட்டும் நிலையின் சாயம் உரிந்து, மரம் வழவழப்பாகியிருந்தது.

திரையில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு இடது பக்கக் கோலை நோக்கி ஓடினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அண்ணன் கழுத்தை நீட்டினான், பக்கவாட்டில் சாய்ந்தான். அலமாரி மறித்தது.

"புடிச்சானா?" என்றான்.

தங்கை திரும்பவில்லை.

"புடிச்சுட்டான்," என்றாள்.