கையை எடுக்காதீங்க

முசியே சவரிராயன் பிரெஞ்சு கவர்னர் கச்சேரியில் குமாஸ்தா. பூசைக்குப் போகும்போதுகூட மனைவியோடு சேர்ந்து நடக்கமாட்டார். உத்தியோகத்துக்குக் குறைச்சல் வந்துவிடுமாம். தொந்திக்காக வைத்தியர் மிரட்டவே, வாலிபத்தில் விட்ட நீச்சலை உப்பளம் பகுதியில் இருந்த மாமனாரின் தோட்டக் குளத்தில் மறுபடி ஆரம்பித்தார். இக்கரைக்கும் அக்கரைக்கும் மூச்சு வாங்காமல் போய்வர முடிந்த அன்றே வாத்தியாராகிவிட்டார். மாணவி, மனைவி செசிலியம்மாள்.

"ஆன், தெ! காலை உதை!" என்று பிரெஞ்சில் எண்ணி அதிகாரம் செய்தார். ஆனால் அவருடைய கை அவள் வயிற்றுக்கு அடியில் பதமாகத் தாங்கி நின்றது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அந்தக் கை அவளைத் தொட்டதே இல்லை.

ஒருநாள் அவர் சொல்லாமல் கையை எடுத்தார். செசிலியம்மாள் முழுகவில்லை, மிதந்தாள். நீச்சல் வந்துவிட்டது என்று புரிந்ததும் அவளுக்குப் பகீரென்றது. உடனே முழங்காலை மடக்கி உள்ளே போனாள்.

அவர் தூக்கி நிறுத்தினார். "அம்மிக்கல்லு மாதிரி போறியே! மண்டையில ஏறவே ஏறாதா?"

"ஏறலீங்க. இன்னும் கொஞ்ச நாளு புடிச்சுக்குங்க, கையை எடுக்காதீங்க."

"எனக்குன்னு வந்து வாச்சியே!" என்று அலுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

நாளைக்கு மழை பிடித்துவிடக் கூடாதென்று மாதாவை வேண்டியபடி, அவள் காலை முடிந்தமட்டும் தப்பாக உதைத்தாள்.