காஜா மட்டும்தான் பாக்கி

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில், டெய்லர் கிறிஸ்துதாஸ் சொன்ன தேதிக்குத் துணி கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வேலை சுத்தம், தையல் பிரியாது, கழுத்து இறங்காது, எல்லாம் சரி. தேதி மட்டும் அவருக்கு ஒத்துவராத விஷயம். போய்க் கேட்டால் தலையை நிமிர்த்தாமல், "காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனாலும் பட்டன் ஓட்டைக்குப் போடும் அந்தக் காஜாதான் பாக்கியிருக்கும். கோபித்துக்கொண்டு துணியைத் திருப்பி வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அளவெடுத்த கையோடு கத்தரியை எடுத்துத் துணியை வெட்டிப் போட்டுவிடுவார். வெட்டிய துணியை வேறு எந்த டெய்லரும் கையால் தொடமாட்டான். அவருடைய தொழில் ரகசியமே அதுதான்.

எண்பத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு மழைநாளில் கடைக்கு எதிரே காக்கைகள் கூடி எதையோ கொத்திக்கொண்டிருந்தன. பச்சையாக ஏதோ தெரிய, யாருடைய ஜாக்கெட் துணியோ பறந்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினார் கிறிஸ்துதாஸ். துணி இல்லை, கிளி. ஒரு இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் ஒரு துண்டு வெட்டி இறக்கைக்கு அண்டைகொடுத்து, லைனிங் துணியால் சுற்றிக் கட்டினார்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு மாசம், கிளிக்கு மட்டும் ரெண்டே நிமிசமா?" என்றாள் மனைவி சகாயம்மாள்.

கிளிக்குத் தாவீது என்று பேர் வைத்தார். ஹேங்கர் மாட்டும் கம்பிதான் அதற்கு வீடு. பைபிளிலிருந்து சங்கீத வசனம் சொல்லித்தரப் பார்த்தார். அது காது கொடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் கால்சட்டை வாங்க வந்த வேம்புலி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், கம்பியிலிருந்து கணீரென்று குரல் வந்தது: "காஜா பாக்கி! நாளைக்கு வாங்க!"

"இன்னா அண்ணாத்தே, பொய் சொல்றதுக்கும் தனியா ஆள் வச்சிகினியா?" என்றான் வேம்புலி.

கிறிஸ்துதாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களும் துணியை மறந்து கிளியோடு பேசிவிட்டுப் போனார்கள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இப்படி ஒரு கலகலப்பு இருந்து எத்தனையோ வருஷமாயிற்று.

டிசம்பர் முதல் வாரம், கிறிஸ்துமஸ் துணி மலையாகக் குவிந்திருந்த நேரத்தில், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். "சரோஜா!" என்றாள். தாவீது கம்பியிலிருந்து தத்தி இறங்கி, துணிமலை மேல் நடந்து போய், அவள் தோளில் ஏறிக்கொண்டது.

"கொரட்டூர் ஸ்டேஷனாண்ட இட்லிக்கடை போட்டுகினு கீறேன் நைனா. பேரு பூங்காவனம். அன்னிக்கு மழைக்கு ஒதுங்கி இது ரயிலு பொட்டிக்குள்ள பூந்துட்ச்சி, ரயிலும் கெளம்பிட்ச்சி. ஆவடி வரிக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கி விசாரிச்சேன். டெய்லர் கடையில ஒரு கிளி காஜா காஜான்னு கத்துதுன்னு நேத்துதான் ஒரு ஆளு சொன்னாரு. இடது கால்ல ஒரு நகம் இருக்காது, பாரு."

நகம் இல்லைதான். கிறிஸ்துதாஸ் குனிந்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். துணியாக இருந்தால் இதற்குள் வெட்டிப் போட்டிருப்பார். கிளியை என்ன செய்வது? வாய் தானாகப் பழகிய வழியில் போயிற்று.

"றெக்க இன்னும் சரியாவலம்மா. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வந்தாள். கட்டுப் பிரித்த இடம் ஆறவில்லை என்றார். இரண்டு நாள் கழித்து வந்தாள். கூண்டு வாங்கவேண்டும் என்றார். சகாயம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பூங்காவனம் சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஒரு பச்சைமிளகாயை எடுத்துக் கிளிக்குக் கொடுத்தாள்.

"நாளைக்குன்னே சொல்லு நைனா. ஆனா அது நாளைக்காவே இருக்கட்டும். ஊட்ல நானும் இதுவுந்தான்" என்றாள்.

கிறிஸ்துதாஸ் அன்று உண்மையாகவே தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் வரும்போது, புதுக்கூண்டில் கிளியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கடை திறந்த பதினெட்டு வருஷத்தில், சொன்ன நாளில் சொன்னதை அவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகை வைத்துத் தைத்தார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, பின்பாட்டு வருமா என்று கம்பியைப் பார்ப்பார். முதல் இரண்டு நாள் கிண்டல் செய்த சகாயம்மாள், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

ஜனவரி முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தால் பூங்காவனம் கூண்டோடு நிற்கிறாள்.

"செரியாத் துன்னல நைனா. ரெண்டு இட்லி பார்சல்னு வந்தா, காஜா பாக்கி, நாளைக்கு வான்னுது. இட்லிக்கு இன்னாம்மா காஜான்னு ஆபீசு ஜனம் சிரிக்குது. அதுகூட போவட்டும். நாள் பூரா ரயிலு வர்ற பக்கமே பாத்துகினு குந்திகினு கீது." கூண்டை மேஜைமேல் வைத்தாள். "உன் அளவுக்கு வெட்டிட்ட நைனா. இனிமே எனுக்கு ஆவாது."

கிறிஸ்துதாஸுக்குச் சந்தோஷமும் குற்ற உணர்வும் ஒன்றாக வந்தன. கூண்டுக் கதவைத் திறந்தார். கிளி கம்பியில் ஏறிச் சிறகை உதறியது. பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு அரக்குத் துணியை எடுத்தாள்.

"ரவிக்கை தைக்கணும்."

"எப்ப வேணும்மா?" இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் இதுவரை கேட்டதில்லை.

"இன்னா அவசரம்? ஞாயித்துக்கெழம நமக்குக் கடை லீவு. வாராவாரம் வந்து கேட்டுக்கறேன். நீ உன் வயக்கத்த மாத்திக்காத."

அவருக்குப் புரிந்தது. அளவெடுத்தார். அவள் கண்ணெதிரிலேயே கத்தரியை எடுத்துத் துணியை வெட்டினார்.

அன்று மத்தியானத்துக்குள் ரவிக்கை தயார். ஹூக் வரை வைத்துத் தேய்த்து, பேப்பரில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் எல்லாத் துணிக்கும் கீழே செருகினார்.

அடுத்த ஞாயிறு பூங்காவனம் கொய்யாப்பழத்தோடு வந்தாள். "ரெடியா நைனா?"

"காஜா மட்டும்தான் பாக்கிம்மா. அடுத்த வாரம் வாங்க" என்றார் கிறிஸ்துதாஸ், தலையை நிமிர்த்தாமல்.

ஹூக் வைத்த ரவிக்கைக்குக் காஜா கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஆவட்டும், ஆவட்டும். நல்லா நிதானமா போடு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிளிக்குக் கொய்யாவை நறுக்க ஆரம்பித்தாள்.