அணைந்த கற்பூரம்

பஞ்சம் வந்த வருஷம் பழவேற்காட்டு ஏரியில் இறால்கூட அற்றுப்போனது. ஏரித்தீவான பசியாவரத்து நாகம்மாள் கையால் சேற்றைத் துழாவித் துழாவி வெறுங்கையோடு கரையேறுவாள். அப்போதுதான் அவள் அண்ணன் திருவேங்கடம் வந்து, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் கப்பலில் துணிமூட்டை ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்றான். அவள் புருஷன் சுப்பனைத் தானே கூட்டிப்போய்த் தையில் திருப்பிக் கொண்டுவருவதாக அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான்.

தை போயிற்று. கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோன படகுக்காரர்கள் சொன்னார்கள்: சுப்பன் கால்விலங்கோடு அடித்தட்டில் கிடந்தான். அடிமையாக விற்கப்பட்டவர்களோடு கடல் தாண்டிப் போய்விட்டான்.

நாகம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். உள்ளே சோறு வெந்துகொண்டிருந்தது.

"வித்துட்டியா அண்ணே?"

அவன் மறுக்கவில்லை. "எம் புள்ளைங்க பட்டினி கெடந்துச்சு. இன்னா பண்ணச் சொல்ற?"

"அம்மன் மேல சத்தியம் பண்ணியே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப்பின் அவள் கோயில் பக்கம் போகவில்லை. அவள் வழக்கமாக இறால் கொடுக்கும் வீடு, மரக்காயர் தெருவில் விதவை ருக்கையா நாச்சியாவுடையது. அங்கே போய், "சாமின்னு ஒண்ணும் இல்ல நாச்சியா. இருந்தா சத்தியம் பண்ண எங்கண்ணன் கை வெளங்காம போயிருக்கும்," என்றாள்.

ருக்கையா சொன்னாள்: "என் கொழுந்தன் குர்ஆன் மேல கைவச்சுட்டுத்தான் என் புருஷன் சொத்தைப் பறிச்சான். நானும் தொழுகையை விட்டேன். ஆனா அநியாயம் அநியாயம்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கேக்க ஒருத்தனும் இல்லன்னா, அதை அநியாயம்னு யார்கிட்ட சொல்றது? அதான் திரும்பித் தொழுதேன். அல்லா ஒருத்தன். அவனுக்கு இணையில்ல, தரகனில்ல. அவன் பேரைச் சொல்லி ஏமாத்துறவன் அவனோட ஆளும் இல்ல."

நாகம்மாள் பல நாள் அதையே நினைத்தாள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து அண்ணன் செய்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டு அம்மன் முன்னால் மறுபடி கற்பூரம் ஏற்றுவதாக அவன் அழுதான். "வேணாம். நாம ரெண்டு பேர் பேசறதையும் கேக்கறவன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட நேரா சொல்லு," என்றாள்.

அம்மனை மறுத்தவள் என்று ஊரார் அவளைச் சேர்க்கவில்லை. அவள் ருக்கையாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமா சொல்லி, தொழக் கற்றாள். முதல்முறை நெற்றி தரையில் பட்டபோது அவளுக்கு வந்தது துதியல்ல.

"பாத்துக்கினுதான இருந்த? ஏன் வுட்ட?"

பக்கத்தில் இருந்த ருக்கையா காதில் அது விழுந்தது. அவள் திருத்தவில்லை.