பதினோரு மணிக்குள் காலி செய்யவும்

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போனாலும் மூட்டை கட்டுகிற வேலை ஜெபமணியுடையது. யாரும் அதை அவளிடம் ஒப்படைத்ததில்லை, அவளும் கேட்டு வாங்கியதில்லை. நாகர்கோவிலில் கல்யாணமோ, மதுரையில் சபைக் கூட்டமோ, கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் பொன்னுராஜ் தலையைச் சீவிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறி ஹாரன் அடிப்பார். அவள் கதவைப் பூட்டி, கேஸை மூடினோமா என்று திரும்பவும் திறந்து பார்த்து, இரண்டு கையிலும் பையோடு ஓடி வருவாள். திரும்பி வரும்போதும் அதே கதைதான்.

பொன்னுராஜுக்குப் போடி பஜாரில் ஹார்டுவேர் கடை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள் கடையை மூடினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த வருஷம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகன் எபனேசர், புது மனைவி பிரின்சியோடு ஆகஸ்ட் பதினைந்து விடுமுறைக்கு வந்தான். வரும்போது நீல நிறத்தில் பெரிய டென்ட் ஒன்றையும் வாங்கி வந்தான். சுருளி போகிற பாதையில் நதியா என்கிற பெண் தன் தென்னந்தோப்பில் டென்ட் போட்டுத் தங்க இடம் விடுகிறாளாம். குழாய், கழிப்பறை, அடுப்பு மேடை எல்லாம் உண்டாம்.

"வீடு இருக்கும்போது எதுக்குலே துணிக்குள்ள போயிப் படுக்கணும்?" என்றார் பொன்னுராஜ்.

அப்படிச் சொன்னவர்தான், தோப்புக்குப் போய் இறங்கியதும் ஆளே மாறிப்போனார். காரணம், அங்கே இருந்த பம்பு செட். தொட்டி நிறையத் தண்ணீர், அதற்கு மேல் குழாயிலிருந்து யானைத் தும்பிக்கை கணக்காகக் கொட்டுகிற தண்ணீர். வியாழன் சாயங்காலம் இறங்கியவர் வெள்ளிக்கிழமை முழுக்க அதிலேயே கிடந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் துண்டோடு வந்து சாப்பிட்டுவிட்டுத் துண்டோடு போனார். எபனேசர் குளித்தான், பிரின்சி குளித்தாள். ஜெபமணிதான் குளிக்கவில்லை. குழாயடியில் வாளியில் பிடித்து இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டதோடு சரி. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் பால் பொங்கியது, இல்லாவிட்டால் பிரியாணிக்குத் தம் போடவேண்டியிருந்தது. எல்லாம் முடித்துப் போனால் கரண்ட் இல்லை.

சனிக்கிழமை காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது நதியா வந்தாள். தாவணி வயதைத் தாண்டி அதிக நாள் ஆகாத முகம், ஆனால் பேச்சில் முதலாளியின் கறார் இருந்தது.

"அண்ணாச்சி, பதினோரு மணிக்கு செக்-அவுட்டு. கடமலைக்குண்டுல இருந்து மகளிர் குழுக்காரக வர்றாக, வேன் கிளம்பிருச்சாம். அதுக்குள்ள இடத்தைக் கூட்டிக் குடுத்துருங்க. குளிக்கிறதுன்னா இப்பவே குளிச்சுக்கங்க, பத்து மணிக்கு மோட்டார் கரண்ட் போயிரும்."

பொன்னுராஜ் துண்டைத் தோளில் போட்டார். மகனைப் பார்த்தார். மகனும் எழுந்தான்.

"ஏ ஜெபமணி, நீ எல்லாத்தையும் கட்டிவையி. நாங்க கடைசியா ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்துர்றோம்."

ஜெபமணி கையில் இட்லித் தட்டு இருந்தது. தோப்புக்குள் காற்று சுழன்று அடித்து, தென்னை மட்டைகள் சடசடத்தன. தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு நாளாகச் சமைத்தது அவளுக்கு நினைவு வந்தது. கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆசைதான். அப்படி ஒரு ஆசை. தட்டை மேடையில் வைத்தாள். நேராகப் போய் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

"நான் குளிக்கப் போறேன். நீங்க கட்டுங்க."

பொன்னுராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"எதைக் கட்ட?"

"எல்லாத்தையும்."

"எப்படிக் கட்ட?"

"வரும்போது எப்படி இருந்துச்சோ, அப்படி."

பிரின்சி பாவம், புது மருமகள். "நான் கட்டுறேன் அத்தை, நீங்க போங்க," என்று பாத்திரத்தில் கை வைத்தாள்.

"நீயும் வா," என்று மாற்றுச் சேலைகளை அள்ளிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள் ஜெபமணி.

வரப்பில் போகும்போது மனது பின்னாலேயே இழுத்தது. எண்ணெய் பாட்டில் மூடி இறுக்கமில்லையே, அதைப் படுக்கவைத்துவிடுவாரே என்று நினைத்தாள். டென்ட் அடியில் பனி ஈரம் இருக்குமே, காயவைக்காமல் மடித்தால் நாறுமே என்று நினைத்தாள். தொட்டிக்குள் இறங்கித் தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்ததுதான் தெரியும். தண்ணீர் உச்சந்தலையில் இறங்கிய வேகத்தில் எண்ணெய் பாட்டில் எங்கே போனதோ. "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவள் அப்படிக் கத்தி பிரின்சி கேட்டதே இல்லை. அவளும் பதிலுக்குக் கத்தினாள். வாய்க்கால் ஓரம் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. மாமியாரும் மருமகளும் மூச்சுப் பிடித்து முங்குவதும், யார் முதலில் எழுந்தது என்று சண்டை போடுவதுமாக இருந்தார்கள். விரல் நுனியெல்லாம் சுருங்கி, பல் கிட்டித்த பிறகும் ஜெபமணிக்கு ஏற மனசில்லை.

சட்டென்று மோட்டார் நின்றது. அந்த அமைதியில் தோப்புப் பக்கமிருந்து எபனேசரின் குரல் வந்தது.

"அப்பா! பிடிங்கப்பா! விட்டுராதீங்க!"

இருவரும் சேலை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். டென்ட் இருந்த இடத்தில் டென்ட் இல்லை. உள்ளே இருந்த சாமானையெல்லாம் முதலில் வெளியே எடுத்துவிட்டு, தரையில் அடித்திருந்த முளைகளையும் பிடுங்கியிருக்கிறார்கள். கம்பிகளை அதற்குப் பிறகுதான் கழற்றலாம் என்றிருந்தார்களாம். ஆடி மாசத்துக் காற்று அதுவரை பொறுக்கவில்லை. டென்ட் உருண்டு, வேலியைத் தாண்டி, பக்கத்துக் கொல்லையில் திராட்சைப் பந்தல் மேல் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பந்தலுக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிய பொன்னுராஜ் நின்றார். பக்கத்தில் தோட்டக்காரர் சுருளியாண்டி இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இழுக்காதீக! குலையெல்லாம் உதிர்ந்து போகும். அடுத்த வாரம் வெட்டவேண்டிய பழங்க இது!"

அந்த நேரம் பார்த்து மகளிர் குழு வேன் வந்து நின்றது. சமையல் கொப்பரை, விறகு, தார்ப்பாய் சகிதம் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த சண்முகத்தாய் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். பிறகு தலைமுடியைத் துவட்டிக்கொண்டு நின்ற ஜெபமணியிடம் கேட்டாள்.

"அது யாரு ஆத்தா?"

"எங்க வீட்டுக்காரரு."

"அங்கன என்ன பண்றாக?"

"இடத்தைக் காலி பண்றாக."

சண்முகத்தாய் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு மற்றவர்களும் வந்து வேலி ஓரம் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"ஜெபமணி! கொஞ்சம் இங்கன வா!" என்று பந்தலடியிலிருந்து கூப்பிட்டார் பொன்னுராஜ்.

அவள் கால் தானாக இரண்டு எட்டு வைத்தது. கை துறுதுறுத்தது. போனால் உடனே முடிந்துவிடும், அவளுக்கே தெரியும். போனால் இனிமேல் எப்போதும் அவள்தான் போக வேண்டியிருக்கும். அதுவும் தெரியும். அடுப்பு மேடையில் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் சுருளியாண்டி ஏணி கொண்டுவந்தார். எபனேசர் ஏறி உள்ளிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவ, டென்ட் காற்றுப் போன பலூனாகச் சுருங்கிப் பொன்னுராஜ் தலைமேல் விழுந்தது. அவர் அதற்குள்ளேயே நடந்து வந்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

நதியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜெபமணியிடம் வந்தாள். "அக்கா, நேரம் தாண்டிருச்சு. அவுக வேற வந்து நிக்கிறாக..."

"நீ சும்மா இரு நதியா," என்றாள் சண்முகத்தாய், தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி. "அண்ணாச்சி நிதானமாக் கட்டட்டும். கண்ணு குளிரப் பாத்துக்கிறோம்."

கடையில் நாள் முழுக்கத் தார்ப்பாயும் நைலான் கயிறும் விற்கிற மனுஷனுக்கு ஒரு முடிச்சுப் போட வரவில்லை. டென்டை மடித்தால் அதன் பைக்குள் போகமாட்டேன் என்றது. உருட்டிப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து பார்த்தார். "மேல உக்காராதீக அண்ணாச்சி, காத்தை வெளிய தள்ளுங்க," என்று ஒருத்தி சொன்னாள். "குறுக்க மடிங்க," என்றாள் சண்முகத்தாய். அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. போர்வைகளை விரித்தார். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டு நாலு முனையையும் சேர்த்துக் கட்டினார். வண்ணானுக்குப் போடுகிற மூட்டை மாதிரி பெரிது பெரிதாகச் சில மூட்டைகள் உருவாயின. காருக்கு அருகே கொண்டுபோய் வைத்துவிட்டு வெற்றிகரமாக நிமிர்ந்தார். சட்டைப் பையைத் தொட்டார். இடுப்பைத் தொட்டார்.

"கார் சாவி எங்க?"

எபனேசர் விழித்தான். "உங்ககிட்டதானப்பா இருந்துச்சு?"

பொன்னுராஜ் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "ஜெபமணி, சாவியைப் பாத்தியா?"

"கட்டுனவுகளுக்குத்தான் தெரியும்," என்றாள் அவள்.

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. பொன்னுராஜ் முதலில் முறைத்தார். பிறகு அவர் உதடும் துடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எல்லா மூட்டைகளும் அவிழ்ந்தன. ஒரு செருப்புக்குள் கரண்டி இருந்தது. வேதாகமம் பத்திரமாகப் பிரியாணிச் சட்டிக்குள் இருந்தது. சாவி, இட்லிக் கொப்பரையில், மீதி இட்லிகளுக்கு நடுவில் கிடந்தது.

அதைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் நீ இத்தனையுமா பண்ணிக்கிட்டிருந்த?"

"இதெல்லாம் இல்ல," என்றாள் ஜெபமணி. "நான் சாவியை அவிக்கிறதில்ல."

திரும்பவும் மூட்டைகள் கட்டப்பட்டன. இந்தத் தடவை சண்முகத்தாய் சொன்னதுபோல் டென்டைக் குறுக்கே மடித்தார், முக்கால்வாசி பைக்குள் போனது. சுருளியாண்டி உதிர்ந்த பழத்தை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பிரின்சி கையில் கொடுத்தார். நதியா நேரம் தாண்டியதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. வாசல்வரை வந்து, "அடுத்த தடவை வரும்போது முன்னாடியே போன் போடுங்கக்கா, மோட்டார் கரண்ட் எப்ப வரும்னு கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

எபனேசர் காரை எடுத்தான். முன் சீட்டில் ஜெபமணி, விரித்த தலைமுடியோடு. பின்னால் பிதுங்கிக்கொண்டிருந்த டென்டை மடியில் அமுக்கிப் பிடித்தபடி பொன்னுராஜ். கிளம்பியதும் அசந்தவள், உத்தமபாளையம் தாண்டியும் கண்ணைத் திறக்கவில்லை. பயணத்தில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தார்கள்.

தேவாரத்தில் வண்டி நின்றபோது விழித்தாள். பொன்னுராஜ் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் டீ, மறு கையில் காகிதத்தில் சுற்றிய வடை. இருக்கையில் இருந்தபடியே வாங்கித் தின்றாள். வடை நல்ல சூடு.

"இன்னொண்ணு வேணும்," என்றாள்.

அவர் கடைப்பக்கம் திரும்பி நடந்தார்.