ஒன்பதாவது விக்கெட்டுக்கு ஆடியவன்

"ஒன்பதுதான்மா. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். ஒன்பதுதான் வருது," என்றார் தசமம்.

அது அவருடைய பெயரல்ல, பட்டம். யாருடைய சராசரியைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும் என்பதால் மாகாணக் கிரிக்கெட் அணியின் ஆட்டக்காரர்கள் சூட்டியது. அணி தொடங்கிய நாளிலிருந்து யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எவ்வளவு அடித்தார்கள் என்பதெல்லாம் சங்கத்து மாடியறையில் அவர் பொறுப்பில் இருந்தது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் கணவனுக்கு முகம் துடைத்துவிட்டு, நேராக இங்கே ஓடி வந்திருக்கிறாள். அவனுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. இந்த வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. விற்க வீடும் கிடையாது, இருப்பது வாடகை வீடு. மிச்சமிருந்த ஒரே வழி சங்கத்தின் மருத்துவ உதவி. மாகாணத்துக்காகப் பத்து ஆட்டம் ஆடியவருக்கு முழுச் செலவையும் சங்கமே ஏற்கும். ஒன்று குறைந்தாலும் ஒரு மாத்திரைகூடக் கிடையாது.

"பத்தாவது ஆட்டம் ஆடியிருக்கார் சார். எங்க அண்ணனுக்குப் பதிலா."

தசமம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பதாவது விக்கெட் ஆட்டத்தையா சொல்றே?"

அந்த ஆட்டம் தெரியாதவர்கள் சங்கத்தில் கிடையாது. எட்டு விக்கெட் போய்த் தோல்வி வாசலில் நின்றபோது, கேப்டனும் அவளுடைய அண்ணனும் சாயங்காலம் வரை ஆடி மானத்தைக் காப்பாற்றியதாக வரலாறு. மாகாணத்தின் ஒன்பதாவது விக்கெட் சாதனை இன்றைக்கும் அதுதான். கீழே வரவேற்பறைச் சுவரில் இருவர் பெயரும் பித்தளையில் மின்னுகின்றன.

உண்மையில் அன்று அண்ணன் மைதானத்திலேயே இல்லை. ஆடுகிறவர்கள் பட்டியலைக் கொடுத்த பிறகு உடை மாற்றும் அறையில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். எதிரணிக் கேப்டன் நல்ல மனிதர். "வேற ஆளை இறக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் தூக்க வந்திருந்த கொக்கு உள்ளே போனான். கொக்கு என்பது அவளுடைய கணவன்தான், அப்போது கணவனாகவில்லை. கேப்டன் விஷயத்தை அம்பயரிடம் சொன்னார். எதிர்க் கோடியில் தகரக் கொட்டகைக்குள் இருந்த ஸ்கோரர்களிடம் சொல்ல மறந்தார். அண்ணனும் கொக்கும் இடது கைக்காரர்கள், இருவரும் நெடுமரம், தலையில் ஹெல்மெட் வேறு. பட்டியலைப் பார்த்தே ஸ்கோரர்கள் எழுதினார்கள், ரேடியோக்காரரும் கத்தினார்.

"அப்பவே ஏன்மா திருத்தலை?"

"கேப்டன் அப்புறம் பார்த்துக்கலாம்னாராம். இவரு வாயே திறக்கலை. அப்ப என்னைப் பொண்ணு கேட்கற நேரம். கட்டிக்கப் போறவளோட அண்ணன்கிட்டப் போய், என் ரன்னைத் திருப்பிக் கொடுன்னு கேட்பாங்களா?"

தசமம் லேசாகச் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "நான் நம்பறேன்மா. நான் நம்பி என்ன புண்ணியம்? கேப்டன் போய்ச் சேர்ந்துட்டார், அம்பயரும் இல்லை. யார் பேர் பதிவாகியிருக்கோ அவரே 'நான் ஆடலை'ன்னு எழுதிக் கொடுத்தாத்தான் கமிட்டி மாத்தும். நாளை மத்தியானம் கூடறாங்க. அதை விட்டா அடுத்த மாசம்."

அடுத்த மாதம் என்றதும் அவள் எழுந்துவிட்டாள்.

அண்ணனின் பயிற்சிக் கூடம் ஊரின் ஓரத்தில், டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வாசல் பலகையில் அவன் பெயருக்குக் கீழே 'ஒன்பதாவது விக்கெட் சாதனையாளர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே வலைக்குள் பந்து வீசும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மேசையில் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டபடியே அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தா தலை சுத்துது. அண்ணே, எனக்கு ஒரு கையெழுத்து வேணும்."

அவள் சொல்லி முடித்ததும் அண்ணன் சிரித்தான். "என்னம்மா உளர்றே? அது நான் ஆடின ஆட்டம்."

அது நடிப்பாக இருந்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அவன் கண்ணில் நடிப்பே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அந்தச் சுழல்பந்துக்காரன் லெக் சைடுல ஆள் நிறுத்தி வச்சுப் போட்டான். முட்டி போட்டுத் துடைச்சு அடிச்சேன் பாரு, பந்து கொட்டகைக் கூரையில விழுந்து தடதடன்னு உருண்டுச்சு. இன்னும் மணிக்கட்டுல இருக்கு அந்த அடி."

"மணிக்கட்டுல இல்லண்ணே, காதுல இருக்கு. ரேடியோல கேட்டது. நீ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தே. நான் பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'பாருடி, இங்க குளுக்கோஸ் ஏறுது, அங்க நான் சிக்ஸர் அடிக்கிறேன்'னு சிரிச்சே. சிரிச்ச வேகத்துல மறுபடி வாந்தி. என் புதுச் சட்டை நாசமாச்சு. ஞாபகமில்லையா?"

அண்ணன் ஒரு பந்தை எடுத்து அதன் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த ஆட்டத்துக்குள்ளேயே குடியேறியவனை, தங்கை இப்போது வாசலுக்கு வெளியே இழுத்துப்போட்டுவிட்டாள்.

பேசியது அண்ணிதான். "இவருக்கு மொத்தம் எத்தனை ஆட்டம்னு அந்த மாடியறைக்காரர்கிட்டக் கேட்டியா?"

"இல்ல அண்ணி."

"பத்து. இதைக் கொடுத்துட்டா ஒன்பது. இவருக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுதுன்னு போன மாசம் சொன்னாங்க. உங்க கவலையே உங்களுக்குப் போதும்னு உன்கிட்ட நாங்க சொல்லலை. நாளைக்கு இவரு படுத்தா எந்தச் சங்கம் வரும்? உன் புருஷனுக்கு என் புருஷனை ஈடு கேட்கறியா?"

அண்ணி இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று அவள் நினைத்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணி."

"இப்பத் தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்ச பிறகும் கேட்கறேன்."

அண்ணன் கையிலிருந்த பந்தை வலையில் விட்டெறிந்தான். "போம்மா. இப்பப் போயிடு."

ஆஸ்பத்திரியில் கொக்கு நீண்ட காலை மடக்க இடமில்லாமல் கட்டிலில் குறுக்காகச் சாய்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டான்.

"விட்டுடு. அந்த ஆட்டம் உன்னைக் கேட்கறதுக்கு உங்க வீட்டுல நான் கட்டின அட்வான்ஸ். கொடுத்ததைத் திருப்பி வாங்கினா மரியாதையா?"

"மரியாதையை வச்சு நான் என்ன செய்யறது? யாரோட சண்டை போடறது? யாருக்குச் சட்டை தேய்க்கறது?" என்று கத்திவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்ததும் அவன் போர்வையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் கை அவள் தலைமேல் வந்தது. அந்தக் கைக்கு எடையே இல்லை.

மறுநாள் கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் அண்ணன் படியேறி வந்தான். தங்கையைப் பார்க்காமல் தசமத்திடம் போய்த் தாள் கேட்டான்.

"யோசிச்சுக்குங்க. எழுதிட்டா உங்களுக்கு ஒன்பதாயிடும். அப்புறம் நீங்களும் திட்டத்துல இல்லை," என்றார் தசமம்.

"ராத்திரி பூரா வீட்டுல அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன் சார்." அண்ணன் பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "நான் ஆடலைன்னு எழுதணும். எல்லாப் பந்தும் ஞாபகம் இருக்கே சார்."

தசமம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்கார்ந்து எழுதினான். சின்னப் பிள்ளை கையெழுத்துப் பழகுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். எழுதியதைத் தங்கையிடம் காட்டவில்லை. காட்டவும் தேவையிருக்கவில்லை, அவன் தோள் இறங்கியிருந்த விதமே போதுமானதாக இருந்தது.

கமிட்டி அன்றே பதிவை மாற்றிச் செலவை ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் காலை கொக்கை உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் நடைபாதையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். அண்ணி தாமதமாக வந்து, அவளிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

சுவரைப் பார்த்தபடியே அண்ணி சொன்னாள்: "நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா உன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

"வாங்க அண்ணி."

"வாங்கவாம். கையில என்ன இருக்கு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"தெரியும்." அண்ணி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி, முகத்தைத் திருப்பாமலே நீட்டினாள். "குடி. நேத்திலிருந்து பட்டினிதானே? நீயும் விழுந்தா யாரைத் தூக்குறதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் வாங்கிக்கொண்டாள். பாதியைக் குடித்துவிட்டு மூடியை அண்ணியிடம் நீட்டினாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.